நேவி மாப்பிள்ளையிடம் நான் கேட்டது

பெரியம்மா அந்த வரனைக் கொண்டுவந்தபோது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். பையன் குடிப்பானா என்று அம்மா கேட்டாள். பென்ஷன் உண்டா என்று அப்பா கேட்டார். பதினைந்து வருஷம் முடித்தால் உண்டு என்று பெரியம்மா சொன்னதும் அப்பாவின் முகமே மாறிவிட்டது. அவர் பஞ்சாலையில் வேலை செய்து, ஆலை படுத்த பிறகு ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தவர். பென்ஷன் என்ற சொல்லுக்கு அவர் எழுந்து நின்று மரியாதை செய்வார்.

"அந்தக் காலத்துல சொல்தா மாப்ள கெடைச்சா விடுவாங்களா? பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன வச்சிக்கினு இன்னிக்கும் எத்தினி வூட்ல அடுப்பு எரியுது. இவன் நம்ம நேவி. இதுவும் கவர்மெண்டுதான்" என்றார்.

பையனுக்கு ஊர் காலாப்பட்டு. அப்பா இல்லை, அக்காக்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், வீட்டில் அம்மா மட்டும். கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை, வைசாக்கில் இருக்கிறான், வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவு. வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கெல்லாம் போய் வந்திருக்கிறான் என்று பெரியம்மா பெருமையாகச் சொன்னாள். அப்பாவோடு லாட்ஜில் வேலை செய்யும் ஒருவர் அப்போது அங்கே இருந்தார். "கப்பல்காரன்னா ஊருக்கு ஒண்ணு இருக்குமே" என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு என் வேலை காரணம்.

நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு, நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகளை டாக்டர்கள் எங்களிடம் அனுப்புவார்கள். ரத்த வகை, சர்க்கரை, ஹீமோகுளோபின், அவற்றோடு ஹெச்.ஐ.வி.யும் வி.டி.ஆர்.எல்.லும். வி.டி.ஆர்.எல். என்பது மேகநோய் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதற்கு. வரன் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு பெண் வந்திருந்தாள். முதல் பிள்ளை. கையில் வளையல் அடுக்கு. அவள் கணவன் எங்கோ தூரத்தில் வேலை, லீவில் வந்து போகிறவன். அவளுடைய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. டாக்டர் சொல்லிவிட்ட பிறகு அவள் எங்கள் கூடத்துக்கே திரும்பி வந்தாள். சண்டை போட வரவில்லை. சீட்டு மாறியிருக்குமோ என்று கேட்க வந்தாள்.

"நான் எங்கயும் போனதில்லையேக்கா. வூட்ட வுட்டு வெளியவே போனதில்லையே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மாறவில்லை. அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது ஒருத்தி கல்யாணத்துக்கு முன்னால் அவனை டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே யாரும் இவளுக்குச் சொல்லித்தரவில்லை என்று அப்போது கோபமாக வந்தது. அந்தக் கோபம் போகாமல் எனக்குள்ளேயே இருந்தது. அந்த நேரத்தில்தான் பெரியம்மா போட்டோவோடு வந்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சின்னக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் தெருவில் நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பையனும் பெண்ணும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று யாரோ சொல்ல, எங்களைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் மோட்டாரும் துவைக்கிற கல்லும் இருக்கிற இடம். மாப்பிள்ளை கருப்பாக, ஒல்லியாக, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்னைப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டார்.

"புடிச்சிருக்குது. ஆனா ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுப்பீங்களா?"

நான் இதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கோபப்பட்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்திருந்தேன். அவர் மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எடுக்கறேன்" என்றார். "சேரும்போது மெடிக்கல்ல எடுத்தாங்க. போன வருஷம் நானே போய்க் கேட்டு ஒரு தபா எடுத்தேன். இன்னொரு தபா எடுக்கறதுல ஒண்ணும் இல்ல. நீங்களும் எடுப்பீங்களா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நானா?"

"ஆமா. நான் கேக்கக் கூடாதா?"

நான் எதற்கு எடுக்க வேண்டும், நான் என்ன கப்பலிலா போகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால், வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு எதுவும் வராது, வெளியே போகிற ஆணுக்கு மட்டும் வரும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். தினமும் லேபில் ஊசியும் ரத்தமுமாக இருக்கிறவள் நான். அதையெல்லாம் யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"கேக்கலாம். எடுக்கறேன்" என்றேன்.

அவர்கள் போன பிறகு வீட்டில் சொன்னேன். மறைத்து வைத்துப் பிறகு தெரியவருவது எனக்குப் பிடிக்காது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கையைத் தட்டிலேயே உதறினார்.

"பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட கேக்கற கேள்வியாடி இது? அவன் இன்னா நெனைப்பான்? இவ எந்த மாதிரி பொண்ணுன்னு நெனைக்க மாட்டான்?"

"அவர் சரின்னு சொல்லிட்டாருப்பா. என்னையும் எடுக்கச் சொன்னார். நானும் சரின்னுட்டேன்."

அப்பா எழுந்தே விட்டார். ஒரு நிமிஷம் முன்பு வரை அவனை அவமானப்படுத்திவிட்டேன் என்று கத்தியவர், இப்போது அவன் நம்மை அவமானப்படுத்திவிட்டான் என்று கத்தினார். "எம் பொண்ணு ரத்தத்த டெஸ்ட் பண்ணணுமா? எம் பொண்ண பாத்து இந்தக் கேள்வி கேக்கறானா? இந்தச் சம்பந்தமே வேணாம்."

"நான்தாம்ப்பா மொதல்ல கேட்டேன்."

"நீ கேக்கலாம். அவன் கேக்கலாமா?"

பெரியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா மட்டும் சோற்றுப் பானையை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து, "அவன் மூஞ்சி சுளிக்காம ஒத்துக்கினானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப எடுங்க" என்றாள். எங்கள் வீட்டில் அம்மா வாய் திறந்து முடிவு சொன்னது அபூர்வம்.

நான் வேலை செய்கிற லேபிலேயே எடுத்திருக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஊசி போடுகிறவளும் போட்டுக்கொள்கிறவளும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, எல்லோரும் போகிற மாதிரி போக வேண்டும் என்று இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு அறை உண்டு. முதலில் உட்காரவைத்துப் பேசுவார்கள், பிறகு ரத்தம் எடுப்பார்கள், மறுநாள் முடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அவருடைய லீவு முடியும் முன்பே ஒரு நாள் போனோம். நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். அவர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு தரையைத்தான் பார்த்தேன். தைரியமாகக் கேட்டவள் இப்படி உட்கார்ந்திருக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆலோசனை சொல்கிற அம்மா என்னை விடக் கொஞ்சம்தான் மூத்தவர். "யாராவது வற்புறுத்தினதால வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இவங்க" என்று அவர் சொன்னார். அதே நேரத்தில் "இவர்" என்று நான் சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்னிடம் கேட்டதை அவரிடமும், அவரிடம் கேட்டதை என்னிடமும் கேட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. எனக்கு அது நியாயமாகப் பட்டது. ரத்தத்தில் தெரிய மூன்று மாசம் வரை ஆகலாம் என்பதால், கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

ரத்தம் கொடுத்துவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு நடந்து போனோம். பகல் நேரம், வெயில், ஆள் இல்லை. கல் சுவரில் உட்கார்ந்தோம். அங்கேதான் அவர் கப்பலைப் பற்றிச் சொன்னார்.

துறைமுகத்தில் கப்பல் நின்றதும் ஆட்களைக் கரைக்குப் போகவிடுவதை லிபர்ட்டி என்பார்களாம். அதற்கு முன்னால் மெடிக்கல் அசிஸ்டெண்ட் எல்லோரையும் நிற்கவைத்து ஹெச்.ஐ.வி. பற்றிச் சொல்வாராம். கப்பலிலிருந்து இறங்கும் பலகைக்குப் பக்கத்தில், வெளியே போகிறவர்களின் பேரை எழுதுகிற மேஜையில், ஆணுறைகள் நிறைந்த பெட்டி இருக்குமாம்.

"பெட்டி நெறைஞ்சு இருக்கும். திரும்பி வந்து பாத்தாலும் நெறைஞ்சே இருக்கும்" என்றார். "எவன் எடுப்பான்? கல்யாணம் ஆனவன் எடுத்தா சின்னப் பசங்க விசில் அடிப்பானுங்க. சின்னப் பையன் எடுத்தா சீனியர் தோள்ல தட்டி, இன்னாடா மாப்ளன்னுவாரு. வெறுங்கையோட எறங்கிப் போயிடுவானுங்க. போற எடத்துக்குப் போகாம இருப்பானுங்களா?"

கப்பலில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவருக்கு நோய் வந்திருக்கிறது. ஹெச்.ஐ.வி. இல்லை, வெட்டை நோய், அதுவும் உடலுறவில் தொற்றுவதுதான். மெடிக்கல் அசிஸ்டெண்டிடம் போகாமல், கரையில் ஏதோ மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். மனைவிக்கும் வந்திருக்கிறது. அங்கே அவளைத்தான் சந்தேகப்பட்டு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை.

"திரும்பி வந்து எங்கிட்ட சொல்லி அழுதான். எனக்கு அவன் மேல பரிதாபம் வரல. கோவம்தான் வந்துச்சு. அப்பதான் மெடிக்கல் அசிஸ்டெண்ட்கிட்ட போய், அண்ணே, அந்தப் பெட்டியத் தூக்கி பாத்ரூம்ல வைங்கன்னேன். ஒரு சீனியர், பாத்ரூம்ல வச்சா கண்டவனும் எடுப்பான்னாரு. கண்டவனும் எடுக்கத்தான சார் வைக்கறோம்னேன். அதுலருந்து தெனம் நான்தான் ரொப்பறேன். ரொப்ப ரொப்பக் காலியாவுது."

பிறகு புதிதாக வந்து சேருகிறவர்களுக்கு ஆணுறை எப்படிப் போடுவது, தேதி பார்த்து எடுப்பது, எரிச்சலோ புண்ணோ இருந்தால் உடனே போய்ச் சொல்வது என்பதையெல்லாம் அவரே சொல்லித்தர ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு அங்கே ஒரு பட்டப்பேர் வைத்திருந்தார்கள். அதை என்னிடம் சொன்னார். இங்கே எழுத முடியாது.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "நீங்க எப்பவாவது போயிருக்கீங்களா?"

"இல்லன்னு சொன்னா நம்புவீங்களா?"

"தெரியல."

"அதுக்குத்தான ரத்தம் கொடுத்துட்டு வந்தோம்."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள நான் அங்கே போகவில்லை. நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

மறுநாள் முடிவு சொன்னார்கள். தனித்தனியாகச் சொன்னார்கள், நாங்கள் வெளியே வந்து ஒருவருக்கொருவர் சீட்டைக் காட்டிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் இல்லை. அவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

வினை வேறு இடத்திலிருந்து வந்தது. காலாப்பட்டிலிருந்து யாரோ ஒரு பெண், பிரசவத்துக்குச் சேர்த்திருந்த தன் மகளைப் பார்க்க வந்தவள், அந்த வராந்தாவில் என்னைப் பார்த்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் அவளும் இருந்தாளாம். நெல்லித்தோப்புப் பெண்ணுக்கு அந்த நோய் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பார்த்தேன் என்று அவள் சொன்ன செய்தி பஸ்ஸை விட வேகமாகக் காலாப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது அவள் கண்ணில் படவில்லையா, பட்டும் சொல்லவில்லையா, தெரியாது. ஆண் அந்த வராந்தாவில் உட்கார்ந்தால் துணைக்கு வந்தவன், பெண் உட்கார்ந்தால் நோயாளி.

அவர் கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பெரிய மருமகன், மூத்த அக்காவின் கணவர். பின்னாலேயே, அம்மாவைத் தடுக்க முடியாத மகனாக அவரும் வந்தார். என் அம்மா உட்காரச் சொன்னாள். அவர்கள் உட்காரவில்லை.

"உம் பொண்ணு எதுக்கு அந்த ரூமுக்குப் போனா?" என்று அவர் அம்மா நேராகக் கேட்டார்.

"அம்மா, நானும்தான் போனேன்னு சொன்னேன் இல்ல" என்றார் மகன்.

"நீ சும்மா இரு. இவளுக்காகப் போயிருப்ப." என் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் இல்லன்னா சீட்டு கொடுத்திருப்பாங்க இல்ல? அதக் காட்டு. பாத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன். ஊரு வாய அடைக்கணும் எனக்கு."

சீட்டு உள்ளே அலமாரியில், என் துணிக்கு அடியில் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நிமிஷம் ஆகாது. அப்பா என்னைப் பார்த்தார். காட்டிவிடேன் என்று அவர் கண் கெஞ்சியது. இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று கத்தியவர்தான்.

"காட்ட மாட்டேன்" என்றேன்.

"இன்னாது?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. அவர் பாத்துட்டார். அவர் சீட்ட நான் பாத்துட்டேன். வேற யாருக்கும் காட்ட மாட்டேன்."

"அப்ப ஏதோ இருக்குதுன்னுதான அர்த்தம்?" என்றார் மருமகன்.

"இருக்கலாம், இல்லாமயும் போகலாம். உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல."

எல்லோரும் நான் திமிரில் பேசுவதாக நினைத்தார்கள். திமிர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் என் கண் முன்னால் அந்த வளையல் கைப் பெண் நின்றாள். என்னிடம் நல்ல சீட்டு இருக்கிறது என்பதால் நான் இன்று தெருவுக்கு எடுத்துக் காட்டினால், நாளை காட்ட முடியாத ஒருத்தியிடமும் இதே மாதிரி வீட்டுக்கு வந்து கேட்பார்கள். காட்டாதவளுக்கெல்லாம் நோய் என்று ஆகிவிடும். பிறகு யார் அந்த வராந்தாவில் போய் உட்காருவார்கள்? இதை நான் அன்று இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "சீட்ட ஊருக்குக் காட்டணும்னா ஒருத்தரும் டெஸ்டுக்கே போக மாட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"நீயாவது காட்டுடா உன்னுத" என்று அவர் அம்மா மகனிடம் திரும்பினார்.

"நானும் காட்ட மாட்டேம்மா" என்றார் அவர். "கப்பல்ல நான் இருவது பசங்ககிட்ட சொல்லிக்கினு இருக்கறேன், டெஸ்ட் எடுங்கடா, எவனுக்கும் தெரியாதுன்னு. வூட்டுக்கு வந்து நானே காட்டினா அப்புறம் இன்னா பேச்சு அது?"

அவருடைய அம்மா அழுதார். இந்தக் கல்யாணம் நடக்காது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அப்பா தெருக்கோடி வரை அவர்கள் பின்னால் ஓடினார். திரும்பி வந்து, "பென்ஷன் மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு நைட் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த சில மாசங்கள் லேசானவை அல்ல. தெருவில் சிலர் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினார்கள். வேலை செய்யும் இடத்தில் முதலாளி ஜாடையாக விசாரித்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை நடத்துகிறவருக்கு இப்படிக் கேட்கக் கூடாது என்று தெரியாதா சார் என்றேன். அவர் பேச்சை மாற்றினார். கப்பல் கரையில் இருக்கும்போது மதிய நேரத்தில் வைசாக்கிலிருந்து மாப்பிள்ளை எங்கள் லேபுக்குப் போன் செய்வார். பெரிய காதல் பேச்செல்லாம் இல்லை. சாப்பிட்டீங்களா, மழையா, இன்று பெட்டி காலியாச்சா, இப்படித்தான். ஒரு நாள், "அம்மா ஒத்துக்க மாட்டாங்க போல. உங்களுக்கு இன்னும் சம்மதமா?" என்று கேட்டார். "எனக்கு அன்னிக்கே சம்மதம்" என்றேன்.

அடுத்த லீவில் அவர் வந்ததும் இரண்டாவது முறை அதே அறைக்குப் போனோம். இந்த முறை நான் துப்பட்டாவைத் தோளிலேயே போட்டுக்கொண்டேன். எங்கள் தெருவிலிருந்து மருந்து வாங்க வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பினார். "அண்ணே, சௌக்கியமா? நாங்க டெஸ்ட் எடுக்க வந்தோம்" என்று நானே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வேகமாக நடையைக் கட்டினார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அது போதும் எனக்கு.

முடிவு இந்த முறையும் அதேதான். கல்யாணம் ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. அவருடைய அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து ஓரமாக நின்றார். வைசாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை நான் காலாப்பட்டில் மாமியாரோடு இருந்தேன். அங்கே அடுத்த சண்டை தொடங்கியது. நீண்ட பயணம் முடிந்து அவர் லீவில் வந்தால், பரிசோதனை எடுக்கிற வரை ஆணுறை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். எந்தத் துறைமுகம், யாரோடு போனீர்கள் என்றெல்லாம் நான் கேட்பதில்லை. கேள்வி இல்லாமல் இருப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மாமியார் ஒரு நாள் மெத்தையை வெயிலில் போடும்போது பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டார்.

"புருசன் வர்றதே வருசத்துக்கு ரெண்டு மாசம். அதுலயும் இது எதுக்குடி? எனக்குப் பேரப்புள்ள வேணாமா?"

"வேணும் அத்த. நல்லபடியா வேணும். அதுக்குத்தான் இது."

"எம் புள்ளய நீ நம்பல."

"அவரை நம்பறேன். அவர் கப்பல்ல இருக்கற மெடிக்கல் அசிஸ்டெண்ட் கூட இதத்தான் சொல்றார்."

"அவன் கெடக்கறான்" என்றார் மாமியார். அன்று இரவு எனக்குச் சோறு போடவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன். பிள்ளை பிறகு பிறந்தது, ஆரோக்கியமாகப் பிறந்தது, மாமியார்தான் வளர்த்தார். ஆனாலும் அவர் என்னை மன்னிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவுமில்லை. ஒரே வீட்டில் அப்படியும் வாழலாம்.

காலாப்பட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இன்னொரு நேவிக்காரர் குடும்பம் இருந்தது. அவர் வேறு கப்பல். அவர் மனைவி சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்க கேட்டதும் அண்ணன் அடிக்கலையா?"

"இல்ல."

"நான் கேட்டா அடிப்பாரு."

நான் என்ன சொல்ல முடியும்? தைரியமாகக் கேள் என்று சொல்வது எளிது. அடி விழப்போவது அவள் முதுகில். என் ஆள் ஒத்துக்கொள்கிற ஆளாக அமைந்தார் என்பதில் என் தைரியத்துக்குப் பங்கு ஒன்றும் இல்லை. என் கணவர் லீவில் வந்தபோது அவளுடைய கணவரும் லீவில் இருந்தார். பேசிப் பாருங்கள் என்று சொன்னேன். பேசினார். பேச்சு சண்டையில் முடிந்தது. என் குடும்பத்தைப் பற்றிப் பேச நீ யார் என்று அந்த ஆள் சட்டையைப் பிடித்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வாசலைத் தாண்டும்போது துப்பிவிட்டுப் போவார். அந்த ஆள் லீவு முடிந்து கப்பலுக்குப் போன பிறகு அவள் வந்தாள்.

"அவரு வராட்டி போறாரு. நான் மட்டும் எடுத்துக்கலாமாக்கா?"

இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். முந்தானையை எடு என்று நான் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, "அவரு போன் பண்ணா நானே சொல்லிடுவேன்" என்றாள். வேண்டாம், அவசரப்படாதே என்றேன். அவள் கேட்கவில்லை. தெருக்கடைக்கு அவருடைய போன் வந்த அன்றே சொல்லிவிட்டாள், நான் போய் எடுத்துக்கினேன், நீயும் எடுத்துட்டு வா என்று. அவர் போனில் கத்தியது கடைக்காரருக்கெல்லாம் கேட்டதாம். அவள் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தாளாம்.

அடுத்த முறை அந்த ஆள் லீவில் வந்தபோது, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள் சத்தம் எதுவும் இல்லை. இரண்டாம் நாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். என் கணவரும் அப்போது லீவில் இருந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. வெளியே நின்றபடியே என் கணவரிடம், "அந்த எடம் எங்க இருக்குது?" என்று கேட்டார்.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அந்த ஆள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஈ.சி.ஆர். பக்கம் திரும்பியது. அவள் தெருவுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"காலையிலருந்து ஒண்ணும் சாப்புடலக்கா அவரு. காப்பி கூடக் குடிக்கல" என்றாள்.

"இதுக்கு வெறும் வயித்துல போகணும்னு இல்லையே. சாப்ட்டே போகலாம்."

"நானும் சொன்னேன். எதுக்கும் இருக்கட்டும்னுட்டாரு."